எண்ணெய்க்கு விடும் இடம்

ஏற்காடு மலைப்பாதையில் பழைய அம்பாசடர் ஒன்றின் பின்னால் செல்பவர், அதன் புகையைக் கவனித்தாலே எஞ்சினுக்குள் எது தேய்ந்திருக்கிறது என்பதைப் பாதி சொல்லிவிடலாம். ஏற்றத்தில், ஆக்சிலரேட்டர் அழுந்தியிருக்கும்போது, நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையங்களான பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எண்ணெய் மேலேறி எரிகிறது என்று பொருள். இறக்கத்தில் நடப்பது வேறு. இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு வண்டியை இறக்கும்போது கார்புரேட்டர் மூடியிருப்பதால் உட்கொள் குழாயில் காற்றழுத்தம் வெகுவாகக் குறைகிறது. வால்வுத் தண்டுகள் ஏறி இறங்கும் குழல்களான வால்வு கைடுகள் தேய்ந்திருந்தால், அவற்றின் இடுக்கு வழியே எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டுத் தங்குகிறது. கொண்டை ஊசி வளைவைத் திரும்பி மீண்டும் மிதித்ததும் அது குப்பென்று நீல மேகமாக வெளிவரும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இத்தகைய வளைவுகள் 20 இருப்பதால், சோதனைக்குப் பஞ்சமில்லை.

மீதிப் பாதியைக் கம்ப்ரஷன் கேஜ் சொல்லும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தெரியும். அழுத்தம் குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். அளவு கூடினால் ஆயில் தற்காலிகமாக ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது, ஆகவே பழுது ரிங்கிலும், போர் எனப்படும் சிலிண்டர் உட்சுவரிலும் இருக்கிறது. கூடாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 1,500 மீட்டர் உயரத்தில் காற்றே மெல்லியதாக இருப்பதால், அதே எஞ்சின் சேலத்தில் காட்டும் அளவைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவாகவே அங்கு காட்டும். அதைப் பார்த்துப் பயந்து எஞ்சினை இறக்கியவர்களும் இருப்பார்கள்.

எஞ்சினை இறக்கிப் பிரிப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. செயின் புல்லி, நல்ல ஸ்பேனர் செட், கழற்றிய பாகங்களை எந்தச் சிலிண்டருக்கு உரியவை என்று குறித்து வைக்கும் பொறுமை ஆகியவை இருந்தால் வீட்டு ஷெட்டிலேயே முடிந்துவிடும். உண்மையான வேலை அதன் பிறகு தொடங்குகிறது. அது முழுவதும் இடைவெளிகளைப் பற்றியது. எஞ்சினில் உரசும் பாகங்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. அவற்றுக்கு நடுவில் எண்ணெய்க்கு விட வேண்டிய இடத்தை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு துல்லியத்துக்கு மீண்டும் உருவாக்குவதையே எஞ்சினைப் புதுப்பித்தல் என்கிறோம்.

அந்த இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது தற்செயலாகவே தெரியவந்தது. 1883-இல் பிரிட்டனில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளை ஆராய்ந்தபோது, எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகாமல் துளை வழியாக வெளியே வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார்; அதுவும் நிற்கவில்லை. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே உள்ளே இழுத்துச் சென்று, பாரத்தைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு அழுத்தத்தை உருவாக்கிக்கொள்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் அளித்தார். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங்குகளிலும் இதுவே நிகழ்கிறது. ஆயில் பம்ப்பின் வேலை எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. பாரத்தைத் தாங்கும் அழுத்தத்தைச் சுழற்சியே உண்டாக்குகிறது.

இந்த இடைவெளிக்குப் பழைய பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு: ஷாஃப்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த எஞ்சினின் மெயின் ஜர்னல், அதாவது பேரிங்குக்குள் சுழலும் ஷாஃப்டுப் பகுதி, ஏறத்தாழ 50 மி.மீ. என்பதால் இடைவெளி 0.05 மி.மீ. வரை வரும், தலைமுடியின் பருமனைவிடச் சற்றுக் குறைவு. இடைவெளி மிகக் குறைந்தால் எண்ணெய் நுழையாமல் பேரிங் பிடித்துக்கொள்ளும். கூடினால் என்ன ஆகும் என்பதுதான் பலருக்கும் வியப்பளிக்கும்: பேரிங்கின் ஓரத்தில் கசியும் எண்ணெயின் அளவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது. இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். ஆயில் பிரஷர் விழுந்துவிட்டது என்றவுடன் பம்ப்பை மட்டும் மாற்றுவோர் ஏமாந்துபோவது இதனால்தான்.

ஆகவே மைக்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு திசைகளில் அளந்தால், அது வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகிவிட்டதா என்பது தெரியும். கனெக்டிங் ராடின் பெரிய முனை பிடித்திருக்கும் பிக் எண்டு ஜர்னல்கள் எப்போதும் ஒரே பக்கத்தில் அதிகம் அடிவாங்குவதால் அவையே முதலில் நீள்கின்றன. தேய்ந்த கிராங்கை கிரைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும்; இதை வீட்டில் செய்ய முடியாது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலில் ஊறிய ஊர்கள் என்பதால், சேலம் வட்டாரத்தில் கிராங்க் கிரைண்டிங்கும் போரிங்கும் செய்யும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வேலையை வாங்கிக்கொள்ளும்போது ஒன்றை நாமே பார்க்க வேண்டும்: ஜர்னல் பக்கச்சுவரைச் சந்திக்கும் மூலை வளைவாக இருக்க வேண்டும், கூர்மையாக வெட்டப்பட்டிருக்கக் கூடாது. கூர்மூலையில் தகைவு குவியும். அங்கே தோன்றும் மயிரிழை விரிசல் பல்லாயிரம் சுழற்சிகளில் வளர்ந்து ஷாஃப்டையே முறித்துவிடும்.

சிலிண்டரின் தேய்மானம் இன்னும் சுவையானது. போர் முழுவதும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் அதன் வேகம் ஒரு கணம் பூச்சியமாகிறது; வேகம் இல்லாததால் எண்ணெய்ப் படலம் உடைகிறது; அதே வேளையில் எரியும் வாயு ரிங்கைப் பின்னாலிருந்து சுவரோடு அழுத்துகிறது. எனவே உச்சிக்குச் சற்றுக் கீழேதான் பள்ளம் அதிகம். அதற்கு மேல், ரிங் எட்டாத பகுதியில், தேயாத விளிம்பு ஒன்று நிற்கும்; விரல் நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அதை நீக்காமல் புது ரிங்கைப் போட்டால், ரிங் அதில் மோதி உடையும்.

தேய்மானம் எல்லை தாண்டியிருந்தால் போர் செய்து ஓவர் சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பட்டறைக்காரரிடம் பிளாக்கை மட்டும் தராமல், வாங்கிய பிஸ்டன்களையும் சேர்த்துத் தருவதே முறை. பிஸ்டனை அளந்துதான் போரின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அலுமினியம் இரும்பைவிட இருமடங்கு விரிவடைவதால், 73 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் ஒவ்வொரு 100 டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.17 மி.மீ. பெருக்கிறது, வார்ப்பிரும்புச் சிலிண்டரோ 0.08 மி.மீ. மட்டுமே பெருக்கிறது. இதற்காகவே பிஸ்டனை முழு வட்டமாகக் கடைவதில்லை. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’ (pin) செல்லும் திசையில் சற்று ஒடுக்கியும், சூடு அதிகமுள்ள தலைப்பகுதியைச் சிறுத்தும் கடைகிறார்கள். சூடேறியபின்தான் அது ஏறக்குறைய உருளையாகிறது. போர் செய்த சுவரைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்காமல், ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக நுண்கீறல்கள் இட்டுவிடுவதும் எண்ணெய் தங்குவதற்காகவே. அந்தக் கீறல்களில் ஒளிந்திருக்கும் அரத்தூள் பெட்ரோலால் போகாது. வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தால் துணி கறுக்காத வரை கழுவ வேண்டும். உடனே எண்ணெய் பூசாவிட்டால் துருவேறிவிடும்.

சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் அமைந்த ஹெட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. வார்ப்பிரும்பிலேயே நேரடியாகக் கடைந்த பழைய எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளுக்கு அந்த ஈயப் படிவு கவசமாக இருந்தது. ஆகவே ஹெட் பட்டறைக்குப் போகும்போதே கடினமான சீட் வளையங்களைப் பதித்துவிடுவது நல்லது. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மீதி உராய்வில் போய்விடுகிறது. மரையில் துருவும் அழுக்கும் இருந்தால் ரென்ச் சரியான எண்ணைக் காட்டும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது.

கியர்பாக்ஸில் இதே எண்ணெய் எதிராளியாகிறது. முதல் கியரும் ரிவர்ஸும் தவிர மற்றப் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. அந்தக் கியர்களைப் போடும்போது நாம் செய்வது, அவற்றில் ஒன்றை ஷாஃப்டோடு பூட்டுவது மட்டுமே. பூட்டும் முன் இரண்டின் வேகமும் சமமாக வேண்டும். வெண்கல சிங்க்ரோ ரிங், கியரின் கூம்பின் மீது அழுந்தி உராய்வால் அதைச் செய்கிறது. அதற்கு உலோகம் உலோகத்தைத் தொட்டாக வேண்டும். எனவே ரிங்கின் உட்புறம் உள்ள நுண்வரிகள் எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுக்கின்றன. வரிகள் மழுங்கினாலோ, ரிங் தேய்ந்து கூம்பின் மீது வெகுதூரம் ஏறிவிட்டாலோ பிடிப்பு போய், கியர் கரகரக்கும். ரிங்கைக் கூம்பின் மீது கையால் அழுத்தி, அதற்கும் கியருக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால், எஞ்சிய ஆயுள் தெரிந்துவிடும்.

இந்தக் காரின் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. மலை வளைவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு இறக்க வேண்டுமானால் நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி, மீண்டும் கிளட்ச் மிதிக்க வேண்டும். வேகத்தைச் சமன்செய்யும் வேலையை ஓட்டுநரின் காலே செய்கிறது. அந்தப் பழக்கம் இல்லாதவர்களிடம் இருந்த வண்டிகளில் முதல் கியரின் பற்கள் நுனி சிதைந்திருப்பதைக் காணலாம். கியர்பாக்ஸைப் பூட்டும்போது கியர்களை நகர்த்தும் செலக்டர் கம்பிகளுக்கு நடுவிலுள்ள சிறு இன்டர்லாக் பாகங்களைத் தவறவிடக் கூடாது. அவை இல்லாவிட்டால் இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டு, பெட்டியே உறைந்துபோகும்.

எல்லாம் கோத்தபின், பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஆயில் பிரஷர் எழும் வரை எஞ்சினைக் கையால் சுழற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக் கூடாது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் முனைப்புகளுக்கு எண்ணெய் தெறித்துத்தான் வருவதால், முதல் 20 நிமிடங்கள் நிமிடத்துக்கு 2000 சுழற்சிக்குக் குறையாமல் ஓட வேண்டும். பிறகு ஓமலூர்ச் சாலை போன்ற சமதளத்தில் மிதமான இழுவையோடு ஓட்டலாம். மிகவும் மென்மையாக ஓட்டினால் ரிங்கைச் சுவரோடு அழுத்த வாயு அழுத்தம் போதாமல், கீறல்கள் பளபளப்பேறி, புகை நிற்காமலே போய்விடும். 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றி, எஞ்சின் ஆறியபின் ஹெட்டை மறுபடி இறுக்க வேண்டும். ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் அமுங்கி ஹெட் சற்றே இறங்குவதால், வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள டேப்பட் இடைவெளியும் குறைந்திருக்கும். எட்டு வால்வுகளுக்கும் ஒன்பது கணக்கைப் பயன்படுத்தலாம். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பதாக இருக்கும்.