டர்பன் ஜாம் கணக்கு ஜோகன்னஸ்பர்கில் ஏன் பொய்க்கிறது?

அக்டோபர் வந்து கொல்லைப்புற மல்பெரி பழுத்துத் தரையெல்லாம் கறையாகிவிட்டால், ஜோகன்னஸ்பர்கின் தெற்கே உள்ள லெனேசியா பக்கமிருந்து எனக்கு ஒரே கேள்விதான். "டர்பன் அக்கா சொன்னபடி தெர்மாமீட்டர் 105 காட்டும் வரை கிண்டினேன். ஜாம் கல்லாகிவிட்டதே, ஏன்?" உணவுப் பாதுகாப்புப் பயிற்சி தருவது என் தொழில். அதனால் ஜாம் முதன்முறை போடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கா மேல் தப்பில்லை. டர்பன் கடலோரம், அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 94-லேயே கொதித்துவிடும். அந்தக் கொதிநிலைக்கு மேல் நாலரை டிகிரி ஏறினால் ஜாம் பதம் வந்துவிடும். ஆக, அக்காவுக்கு 104, 105. நமக்கு 98, 99. அதைத் தாண்டி விட்டால் நீர் வற்றி மிட்டாய்தான் மிஞ்சும். தெர்மாமீட்டரை முதலில் வெறும் கொதிநீரில் வைத்துப் பார்த்து, அது காட்டும் எண்ணோடு நாலரையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையா? அப்படியும் சரி. ஃப்ரீசரில் வைத்த தட்டில் அரை ஸ்பூன் ஜாம் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கலாம். சோதிக்கும் அந்த ஒரு நிமிடம் அடுப்பை அணைத்து வையுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் முதல் ஒரு கிலோ வரை சர்க்கரை. மல்பெரிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் இறுகவைக்கும் பெக்டின் குறைவு. எலுமிச்சைச் சாறு 4 மேசைக்கரண்டி விடுங்கள், ஒரு பச்சை ஆப்பிளையும் துருவிப் போடலாம். கேப் கூஸ்பெரியில் (காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும் சிறு மஞ்சள் பழம்) பெக்டின் தாராளம். ஆனால் நன்றாக மஞ்சளாகப் பழுத்தது மட்டுமே ஆகும். பச்சைக்காய் உடம்புக்கு ஆகாது.

எலுமிச்சை ருசிக்காக மட்டும் இல்லை. போட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி, புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 4.6-க்குக் கீழே இருந்தால் வளராது (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). பெரும்பாலான பெர்ரிகள் இயல்பாகவே அந்தப் பாதுகாப்புக்குள் இருக்கின்றன. வெள்ளை மல்பெரி வெறும் இனிப்பு. அதைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள் என்றே சொல்வேன்.

நம் வீடுகளில் ஊறுகாய் போடத் தெரியாதவர்கள் இல்லை. அந்தக் கைப்பழக்கம்தான் ஜாமில் காலை வாருகிறது. ஊறுகாய்க்கு உப்பு, எண்ணெய், வினிகர் என்று காவல் பலமாக உண்டு. ஜாமுக்குச் சர்க்கரையும் புளிப்பும் மட்டுமே. காலி ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதிலேயே ஜாம் ஊற்றுகிறார்கள். பழைய மூடி சரியாக இறுகாது. போதாக்குறைக்கு ஸ்ட்ராபெரி ஜாமில் பூண்டு வாசனை! மூடி புதிதாக வாங்குங்கள்.

முதலில் காலி பாட்டில்களை வெந்நீரில் கொதிக்கவிட கடலோரத்தில் 10 நிமிடம் போதும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு நிமிடம் கூட்டினால் ஜோகன்னஸ்பர்கில் 16. சூடான பாட்டிலில் சூடான ஜாமை, மேலே அரை சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமாக இடம் விட்டு ஊற்றி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள். பானையின் அடியில் துணி போட்டு, மூடிக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி பாட்டில்களை வைத்து மறுபடி கொதிக்கவிடுங்கள். கால் லிட்டர் பாட்டிலுக்கு டர்பனில் 5 நிமிடம், இங்கே 10. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே நேரத்தை எண்ண வேண்டும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் போதும் என்பதை நம்பாதீர்கள்.

மறுநாள் மூடியின் நடுவில் அழுத்துங்கள். உள்ளே போய் வெளியே வந்தால் அது இறுகவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். பூஞ்சை கண்டால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம். அதன் நஞ்சு அடியிலும் இறங்கியிருக்கலாம். மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

"வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை வியாதி, சர்க்கரையைப் பாதியாக்கலாமா?" என்று வகுப்புக்கு வகுப்பு கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் சாதாரண பெக்டினை வைத்து அது சரியாக இறுகாது, திறந்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். சின்ன டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்துங்கள்.