ஐந்து பேருக்கும் தெரிந்தது, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது

பாளையங்கோட்டையில் பி.காம். படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கம்பெனி போர்டுல ஒரு பெண்ணாவது இருக்கணும்னு சட்டம் இருக்கு. அப்படிப் போட்டா லாபம் கூடும்னும் சொல்லுதாங்க. இது அறிவியலா, சும்மா நல்லெண்ணமா?"

லாபக் கதையை முதலில் முடித்துவிடலாம். 140 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2015இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், பெண்கள் இருப்பதற்கும் கணக்கேட்டு லாபத்துக்கும் மிகச் சிறிய நேர்த்தொடர்பு தெரிந்தது. பங்குச் சந்தை மதிப்போடு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பலவகை மனிதர் இருந்தால் லாபம் கொட்டும் என்று மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் வெளியிட்ட அறிக்கைகள் மேடைதோறும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அதே முறையை எஸ் அண்ட் பி 500 என்ற அமெரிக்கப் பங்குப் பட்டியலின் பெரிய நிறுவனங்களில் பொருத்திப் பார்த்த இரு ஆய்வாளர்கள், அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை என்று 2024இல் எழுதினார்கள். ஆகவே 'பெண் வந்தால் மகாலட்சுமி வந்த மாதிரி' என்பதை ஜோசியரிடமே விட்டுவிடுவோம். கட்டம் பார்த்து மனைவி பெயரில் கம்பெனி பதிவு செய்வதும், லாப சதவீதம் காட்டிப் பெண் இயக்குநரைச் சேர்ப்பதும் எனக்கு ஒரே வகை நம்பிக்கையாகத்தான் படுகிறது.

ஆனால் இதன் அடியில் உண்மையான ஒரு காரணம் இருக்கிறது. லாபத்தைவிட அது சுவாரசியமானது.

களக்காட்டுப் பக்கம் வாழை விவசாயிகள் சேர்ந்து ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சட்டப்படி அதற்குக் குறைந்தது 5 இயக்குநர், அதிகம் 15. நம் கற்பனையில் ஐந்தே பேர். ஏத்தன் வாழைத் தாரைச் சீப்புச் சீப்பாக வெட்டி, கழுவி, குளிரூட்டி வைக்க ஒரு கிடங்கு கட்ட வேண்டும். இரண்டு இடங்கள் பார்த்திருக்கிறார்கள்.

ரோட்டோர இடத்தின் நன்மைகள் மூன்று. நாங்குநேரி நாற்கரச் சாலை பக்கம், வாசலிலேயே மும்முனை மின்சாரம், ஒரே பட்டா. இவை ஐந்து பேருக்கும் தெரியும்.

கால்வாய்க்கரை இடத்துக்கு ஐந்து நன்மைகள். ஆனால் ஒவ்வொன்றும் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அங்குள்ள கிணறு கோடையிலும் உவர்க்காது என்பது சீப்புக் கழுவும் பெண்கள் குழுவை நடத்தும் அக்காவுக்குத் தெரியும். வெட்டிய காம்பில் வடியும் பாலை நல்ல தண்ணீரில் உடனே கழுவாவிட்டால் காயில் கறை ஏறிவிடும் என்பதால் அவர் அதைக் கவனித்திருக்கிறார். அந்தப் பக்கத்து லைனில் கரண்ட் அடிக்கடி போகாது என்பது ஓய்வுபெற்ற மின்வாரியக்காரருக்குத் தெரியும். கிடங்கு 13, 14 டிகிரியில் நிற்க வேண்டும். கரண்ட் போய் வெக்கை ஏறினால் காய் முன்கூட்டியே பழுக்கும், அதற்குப் பயந்து 13க்குக் கீழே இறக்கி வைத்தால் தோல் கறுத்துவிடும். ராத்திரி லோடு ஏற்ற வரும் ஆட்கள் நடந்து வரும் தூரத்தில்தான் குடியிருக்கிறார்கள் என்பது அதே காலனியிலிருந்து வந்த இயக்குநருக்குத் தெரியும். தோட்டங்களில் பாதி இரண்டு கிலோமீட்டருக்குள் என்பதால் தார் அடிபடாது என்பது தார் வியாபாரிக்கு. பக்கத்து நிலமும் பின்னால் விலைக்கு வரும் என்பது கணக்கு எழுதுபவருக்கு.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் கால்வாய்க்கரைக்கு 5, ரோட்டோரத்துக்கு 3. ஆனால் கூட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொருவர் மனதிலும் 3க்கு 1 என்றுதான் இருக்கிறது. ஐந்து பேரும் ரோட்டோரத்துக்கே சாய்ந்து வருகிறார்கள்.

பேசினால் சரியாகிவிடுமே என்கிறீர்களா? பிளஸ் டூ நிகழ்தகவு போதும், கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை ஒருவர் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லும் வாய்ப்பு 0.3 என்று வையுங்கள். ஒருவர் மட்டும் அறிந்த தகவல் மேசைக்கு வரும் வாய்ப்பு அதே 30 சதவீதம். ஐந்து பேரும் அறிந்த தகவல் வராமல் போக வேண்டுமானால் ஐந்து பேருமே வாயை மூடியிருக்க வேண்டும். 0.7ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.17. அதாவது அது மேசைக்கு வரும் வாய்ப்பு 83 சதவீதம். இனி சராசரி: ரோட்டோரத்துக்கு 3 × 0.83, சுமார் 2.5 நன்மைகள் பேசப்படும். கால்வாய்க்கரைக்கு 5 × 0.3, வெறும் 1.5. மணிக்கணக்காகப் பேசி, டீ குடித்து, எல்லாரும் ஒருமனதாகத் தப்பான இடத்துக்குக் கையெழுத்துப் போட்டு எழுந்திருப்பார்கள். இத்தனைக்கும் அங்கே முட்டாளும் இல்லை, திருடரும் இல்லை.

இதை ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் சோதனையாகவே செய்து காட்டினார்கள். மூன்று வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு விவரமும் எல்லாருக்கும் கொடுத்தபோது 83 சதவீதக் குழுக்கள் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்தன. அதே விவரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தபோது 18 சதவீதம்தான். (இந்த 83க்கும் மேலே வந்த 83க்கும் சம்பந்தம் இல்லை, தற்செயல்.)

இப்போது போர்டில் அதே மாதிரி ஆட்கள் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்தால் என்ன ஆகும்? எல்லாரும் அறிந்த தகவல் மேசைக்கு வரும் வாய்ப்பு 83இலிருந்து 97 சதவீதமாக ஏறும். ஒருவர் மட்டும் அறிந்தது 30இலேயே நிற்கும். தெரிந்ததையே இன்னும் உரக்கப் பேசுவார்கள், அவ்வளவுதான். பெண், வேறு சாதி, வேறு ஊர், வேறு தொழில் என்று வருகிறவரின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. மற்றவர்கள் போகாத இடத்தில் அவர் நின்றிருக்கிறார்.

1906இல், அன்றைய திருநெல்வேலி ஜில்லாவிலிருந்த தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பாருங்கள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், உதவிச் செயலாளர் வக்கீல் வ.உ.சி., 2 லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். மூன்று பேரின் பழக்கவட்டமும் வெவ்வேறு.

இன்றைய நிலைமை? 1,000 இந்திய நிறுவனங்களின் 2010ஆம் ஆண்டுப் பட்டியலை வைத்து எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற ஆய்விதழ் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இயக்குநர்களில் ஏறக்குறைய 93 சதவீதம் முன்னேறிய சாதியினர். தலித், பழங்குடியினர் 3.5 சதவீதம். அரசு ஆவணத்தில் சாதிக் கட்டம் இல்லாததால் பின்பெயரை வைத்து ஊகித்தார்கள். நம்மூர் 'எஸ். முருகன்', 'பி. செல்வி'யிடம் அந்த முறை எடுபடாது. இன்ஷியலில் அப்பா பெயர்தானே இருக்கிறது! இதையெல்லாம் ஒழுங்காக அளக்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. கூட்டத்தில் யார் எதைச் சொன்னார், யார் சொன்னது முடிவில் ஏறியது என்று குறித்துக்கொள்ள நாலு ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை போதும். அதற்கும் நிதி ஒதுக்க ஆளில்லை என்பது என் மனக்குறை.

சரி, சட்டம் என்ன செய்தது? 2013 கம்பெனிச் சட்டப்படி பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், செலுத்திய மூலதனம் 100 கோடி அல்லது விற்றுமுதல் 300 கோடியைத் தொட்ட பப்ளிக் கம்பெனிகளும் ஒரு பெண் இயக்குநரை வைக்க வேண்டும். பல இடங்களில் முதலாளியின் மனைவியோ மகளோ அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். அவர்கள் திறமையைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் ஒரே சாப்பாட்டு மேசையில் ஒரே தகவலைக் கேட்டவர் வந்தால் நம் கணக்கில் மாறுவது 83தான், 30 அல்ல. அதனால்தான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2020 ஏப்ரல் முதல் பட்டியலிடப்பட்ட முன்னணி 1,000 நிறுவனங்களுக்குச் சுயேச்சைப் பெண் இயக்குநர், அதாவது முதலாளி குடும்பத்தைச் சாராதவர், கட்டாயம் என்றது. நார்வே போர்டில் 40 சதவீதம் பெண்கள் என்று கெடு வைத்து 2008இல் எட்டிவிட்டது.

தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு வேறொரு சிக்கல். பத்துப் பேரில் ஒரே பெண் என்றால் அவர் பேசுவது அவர் பேச்சாக எண்ணப்படாது, 'பொம்பளைங்க இப்படித்தான்' ஆகிவிடும். 15 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பவர்கள் இப்படி அடையாளப் பொம்மையாக ஆவதைச் சமூகவியலாளர் ரோசபெத் மோஸ் கான்ட்டர் 1977இல் விளக்கினார். அப்படித் தனியாக இருப்பவரின் 0.3, நம் கணக்கில் 0.1 ஆகிவிடும் என்று வையுங்கள். அதோடு, "அதான் அண்ணாச்சியே சொல்லிட்டாவள்லா, பொறவு என்ன?" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்களின் எண்ணும் விழுந்துவிடும்.

2009இல் வந்த, பிலிப்ஸ் என்ற ஆய்வாளர் குழுவின் சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பழகிய மூவர் ஒரு கொலை வழக்குப் புதிரை விடுவிக்க உட்காருகிறார்கள், கொஞ்ச நேரத்தில் நாலாவது ஆள் வருகிறார். வந்தவர் தங்கள் கூட்டத்துக்காரர் என்றால் பேச்சு சுமுகம், முடிவில் நம்பிக்கை அதிகம், விடை தப்பு அதிகம். வெளியாள் என்றால் கசமுசா, நம்பிக்கை குறைவு, ஆனால் விடை சரியாக வருவது அதிகம். கூட்டம் நன்றாக நடந்தது என்ற நிம்மதியை வைத்து முடிவின் தரத்தை அளக்க முடியாது.

நடைமுறைக்கு வருவோம். போர்டு கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு எப்படியும் கட்டாயம். அதோடு ஒரு தாளையும் அனுப்பி, ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் தனக்குத் தெரிந்ததை எழுதித் தரச் சொல்ல வேண்டும், எந்த இடம் வேண்டும் என்பதை எழுதக் கூடாது. விருப்பத்தை எழுதிவிட்டால் அதற்கு ஒத்ததை மட்டும் பொறுக்கி எழுதுவார்கள். எழுத வராதவரிடம் செயலாளர் போனில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கூட்டத்தில் தாள்களைப் பெயர் சொல்லாமல் வாசிக்க வேண்டும், தலைவர் கடைசியில் பேச வேண்டும்.

நம் கணக்கில் 0.3, 0.5 ஆனால்கூட ரோட்டோரம்தான் ஜெயிக்கும்: 2.9க்கு 2.5. 0.6ஐத் தொடும்போதுதான் கால்வாய்க்கரை மயிரிழையில் முந்துகிறது. எழுதி வாங்கி 0.9 ஆக்கிவிட்டால் 3க்கு 4.5.