டாமி ஜான் ஆபரேஷன் செய்தால் பந்து வேகமாகப் போகுமா?

அமெரிக்காவில் பிள்ளைகளை பேஸ்பாலில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் பிசியோதெரபிக்கு வரும்போது என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "டாமி ஜான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா பந்து இன்னும் வேகமா போகுமாமே சார்?" வலி வருவதற்கு முன்பே செய்து வைத்துவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. டாமி ஜான் யாரோ பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர் டாக்டர் அல்ல, அறுந்த முழங்கை ஜவ்வைப் புதிதாகக் கட்டும் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்ட முதல் பேஸ்பால் பிச்சர், அதாவது பந்து வீசுபவர்.

இண்டியானாவில் 1943-இல் பிறந்த இடதுகை வீச்சாளர். 1963-இல் கிளீவ்லேண்ட் அணிக்காக அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் இறங்கினார். வேகத்தை நம்பி வாழ்ந்தவர் இல்லை. அவருடைய ஆயுதம் சிங்கர். கடைசி நேரத்தில் கீழே இறங்கும் பந்து, அடித்தாலும் தரையோடுதான் உருளும். 1974 ஜூலை 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக வீசிக்கொண்டிருந்தபோது இடது முழங்கையின் உள்பக்க ஜவ்வு அறுந்துபோனது. பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை ஒரு பிச்சரின் பெயரில் எழுதுவார்கள்; அந்த சீசனில் அதுவரை அவர் பெயரில் 13 வெற்றி, 3 தோல்வி. வயது 31.

டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதே செப்டம்பரில் ஆபரேஷன் செய்தார். வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அதன் வழியே கோத்து இறுக்கினார். உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறுபோல் புடைத்து நிற்கிறதே, அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. எடுத்துப் பயன்படுத்த முடிவது அதனால்தான்.

திரும்பி வந்து ஆட நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் ஜோப் கணித்திருந்தார். நடுவில் முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிக்கொள்ள, டிசம்பரில் இன்னொரு ஆபரேஷன். 1975 முழுக்க ஒரு ஆட்டம்கூட இல்லை. 1976-இல் திரும்பினார், 10 வெற்றி, 10 தோல்வி. அடுத்த ஆண்டு 20 வெற்றி. 1989-இல் 46 வயதில் ஓய்வு பெற்றபோது மொத்தம் 288 வெற்றி. அதில் 164 ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை. இத்தனைக்கும் பிறகு, தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்புகளில் அவரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டது எனக்கு இன்னும் விளங்காத கணக்கு.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அந்த 164 மட்டும்தான். அதற்கு முன்னால் எடுத்த 124 வெற்றிகளை யாரும் பேசுவதில்லை. வளர்ந்து முடிந்த உடம்பு, பத்து வருடத்துக்கு மேல் பழகிய கை, வேறு வழியே இல்லாத நிலை. அப்படிப்பட்டவருக்குச் செய்தது அது. புதிதாகக் கட்டிய ஜவ்வு, அறுந்ததன் வேலையைப் பார்க்கும்; வேகத்தைக் கூட்டாது. ஆபரேஷனுக்குப் பிறகு சிலர் வேகமாக வீசுகிறார்களே என்றால், ஒரு வருடத்துக்கு மேல் கால், இடுப்பு, தோள்பட்டைக்குச் செய்த பயிற்சி அது. அதைக் கத்தி படாமலே செய்யலாம். பழைய நிலைக்குத் திரும்பாதவர்களும், இரண்டாம் முறை மேஜையில் படுத்தவர்களும் இருக்கிறார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நிலைமையே வேறு. அந்த வயதில் ஜவ்வைவிட பலவீனமானது முழங்கை உள்பக்கத்து வளர்ச்சித் தட்டு. எலும்பு முற்றாத குருத்தெலும்பு அது. ஒவ்வொரு வீச்சிலும் இழுபடும். பிள்ளை "லேசா வலிக்குது" என்று சொல்லும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினாலே முகம் சுளிக்கும். பெரும்பாலும் இதற்கு மருந்து ஓய்வுதான். ஐஸ் வைத்துவிட்டு அடுத்த நாளே ஆட அனுப்புவது அல்ல. கை முழுதாக நீளவில்லை, மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன என்றால் உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட 'பிச் ஸ்மார்ட்' அளவுப்படி 11, 12 வயதில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 85 வீச்சு. 65-ஐத் தாண்டினால் அதன்பின் நான்கு நாள் வீசக் கூடாது. இது பல வீடுகளிலும் தெரியும். கோட்டை விடுவது வேறிடத்தில்: பள்ளி அணி ஒன்று, வார இறுதிக்கு வெளியூர்களுக்குப் போய் ஆடும் டிராவல் அணி ஒன்று. இந்தக் கோச்சின் கணக்கு அந்தக் கோச்சுக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் காரோட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். போனில் எண்ணி வைத்து, அடுத்த ஆட்டத்துக்கு முன் கோச்சிடம் காட்டுங்கள்.