ராப்பிலிருந்து பங்க்கிற்கு: காது கட்டும் பாலம்

"பல ஆண்டுகள் ராப் பாடிய ஒருவர் ஒரே ஆல்பத்தில் எப்படி ராக் பாடகர் ஆனார்? இரண்டும் வேறு வேறு உலகம் இல்லையா?" அமெரிக்கப் பாடகர் மெஷின் கன் கெல்லியைப் பற்றிக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990-இல் ஹூஸ்டனில் பிறந்த கோல்சன் பேக்கர்தான் கெல்லி. கிளீவ்லாந்தில் ராப் பாடிப் பெயர் வாங்கி, 2012-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். 2020 செப்டம்பரில் வந்த 'டிக்கெட்ஸ் டு மை டவுன்ஃபால்' பாப்-பங்க் ஆல்பம்; அதாவது, வேகமான பங்க் ராக்கோடு பாப் மெட்டுகள் கலந்த இசை. பிளிங்க்-182 குழுவின் டிரம்மர் டிராவிஸ் பார்க்கருடன் சேர்ந்து உருவாக்கியது. அமெரிக்காவின் ஆல்பத் தரவரிசையான பில்போர்ட் 200 பட்டியலில் அவர் முதன்முறையாக முதலிடம் பிடித்தது அதில்தான்.

உலகம் மாறியதாகத் தோன்றுவதற்குக் காரணம் கிட்டாரின் கரகரப்பு. ஆனால் அந்தக் கரகரப்பைப் பிரித்துப் பார்த்தால் ராப்பின் அடிநாதமே அதற்குள் ஒளிந்திருக்கிறது!

எந்த ஆம்ப்ளிஃபையருக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டும் அலையின் முகடு, தாழ்வான கூரையில் தலை இடித்தாற்போலத் தட்டையாகிவிடும். வடிவம் மாறினால் உள்ளடக்கமும் மாறும்: மூல அதிர்வெண்ணின் 2 மடங்கு, 3 மடங்கு என்று புதிய அதிர்வெண்கள் பிறக்கும். இதுதான் டிஸ்டார்ஷன்.

இரண்டு சுரங்களை ஒன்றாக மீட்டும்போது நடப்பது இன்னும் அழகு. அப்போது அவற்றின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும்கூடப் புதிய அதிர்வெண்களாகப் பிறக்கின்றன. கிட்டாரின் கனத்த ஈ (E) தந்தி 82.4 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 82.4 அதிர்வு. அதனுடன் பி (B) சுரம், 123.5 ஹெர்ட்ஸ். நம் ச–ப உறவுதான் இது, 2:3. வித்தியாசம் 41, கூட்டுத்தொகை 206. ஈயின் இரு மடங்கு 165, பியின் இரு மடங்கு 247. இப்போது வரிசைப்படுத்திப் பாருங்கள்: 82, 123, 165, 206, 247. எல்லாமே ஏறத்தாழ 41-இன் மடங்குகள்! கிட்டாரில் எந்தத் தந்தியும் 41 ஹெர்ட்ஸில் அதிரவில்லை. கிட்டார் ஸ்பீக்கரும் அதைச் சரியாக ஒலிக்காது. ஆனாலும் இந்தப் படிக்கட்டைக் கேட்ட மூளை, அடிப்படியைத் தானே போட்டுக்கொள்கிறது. இப்படி இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டுவதற்குப் பவர் கார்ட் என்று பெயர்; இரண்டு விரலில் பிடித்த அது ஒரு மலைபோல ஒலிப்பது இதனால்தான். எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

பி சுரத்துக்குப் பதிலாக அந்தர காந்தாரத்துக்கு நிகரான ஜி ஷார்ப்பை வைத்தால் கூட்டணி உடைகிறது. ஈயின் 5 மடங்கு 412, ஜி ஷார்ப்பின் 4 மடங்கு 415. இந்த மூன்று ஹெர்ட்ஸ் வித்தியாசத்தால் ஒலி விநாடிக்கு மூன்று முறை ஏறி இறங்கி விம்மும். டிஸ்டார்ஷன் அந்த உரசலை உரக்கச் சொல்லிவிடும். பங்க் கிட்டார் கலைஞர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டுப் பஞ்சமத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மகிழ்ச்சியையும் சோகத்தையும் பிரித்துக் காட்டும் காந்தாரம் இல்லாததால், பாட்டு மகிழ்ச்சியா சோகமா என்று கிட்டார் சொல்வதில்லை; அந்த வேலை பாடகரின் குரலுக்கு வருகிறது. சொல்லையே ஆயுதமாக வைத்திருந்த ராப்பருக்கு இந்த இசை இடம்கொடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

     

இனி ராப்புக்கு வருவோம். 1980-இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 என்ற மின்னணு டிரம் கருவியின் பேஸ் டிரம் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் முழக்கம். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அதை ஒலிக்கவே முடியாது. அதனால் ராப் தயாரிப்பாளர்கள் பலர் அந்த ஒலியை வேண்டுமென்றே வரம்பு மீறவிட்டு முகட்டைத் தட்டையாக்குகிறார்கள். 100, 150, 200 என்று மடங்குகள் பிறக்கின்றன. ஸ்பீக்கர் தராத 50 ஹெர்ட்ஸைப் பேருந்தின் ஜன்னலோரத்தில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் ரசிகரின் மூளை போட்டுக்கொள்கிறது, பவர் கார்ட்டின் 41-ஐப் போட்டுக்கொண்டதைப் போலவே.