பாங்காக்கில் எதை வாங்குவது, எங்கே வாங்குவது: ஒரு டூர் மேனேஜர் சொல்வது

தஞ்சாவூரில் ஒரு பத்தரின் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தார் அந்த ஐயா. ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு மாதம் முன்னால் எங்கள் குழுவோடு பாங்காக் வந்துவிட்டுப் போனவர்.

"தம்பி, அங்க வாங்கின கெம்புக் கல்ல மோதிரத்துல வச்சுத் தரச் சொன்னேன். பத்தர் ஊதி, ஆசிட்ல போட்டு எடுத்தாரு. கல்லு மேல வெள்ளை வெள்ளையா கோடு விழுந்து போச்சு. அவரு மேல தப்பா, கல்லு மேல தப்பா?"

தப்பு கல்லின் மேல்தான். தரம் குறைந்த மாணிக்கத்தில் வெடிப்புகள் நிறைய இருக்கும். அந்த வெடிப்புகளுக்குள் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பிவிட்டால் மங்கிய கல் பளிச்சென்று சிவந்துவிடும். 2004 வாக்கில் இந்த வகைக் கற்கள் சந்தையில் குவியத் தொடங்கின. கண்ணாடிக்கு நெருப்பும் ஆகாது, அமிலமும் ஆகாது. எலுமிச்சைச் சாறு பட்டாலே அரிக்கும். பட்டறையில் ஒரு தடவை ஆசிட்டில் போட்டால் உள்ளே இருக்கும் வெடிப்பெல்லாம் கோடுகோடாக வெளியே தெரிந்துவிடும். ஐயா அதற்குக் கொடுத்த விலை 38,000 பாட். சில நூறு பாட் கொடுத்திருந்தால் சரி.

அவர் அந்தக் கடைக்குப் போன கதையைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இதே கதையை வேறு வேறு ஊர்க்காரர்கள் வாயால் பல தடவை கேட்டிருக்கிறேன். ஓய்வு நாளன்று "கிராண்ட் பேலஸ்" எனும் அரண்மனையைப் பார்க்கத் தனியாகப் போயிருக்கிறார். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், நன்றாக உடுத்திய ஒருவர் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "இன்றைக்குப் பூஜை, அரண்மனை மதியம் வரை திறக்காது. அதுவரை ஒரு பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு வாருங்கள், இந்த டுக்டுக் ஆட்டோவுக்கு 20 பாட் கொடுத்தால் போதும்." டுக்டுக் ஒரு கோயிலில் நின்றது. அங்கே இன்னொருவர், தற்செயலாக வந்தவர்போல, "அரசு ரத்தினக் கண்காட்சிக்கு இன்றுதான் கடைசி நாள், வரி கிடையாது, ஊரில் விற்றால் இரண்டு மடங்கு" என்றிருக்கிறார். அடுத்து டுக்டுக் நின்ற இடம் நகைக்கடை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னதால் ஐயா நம்பிவிட்டார். அந்த இரண்டு பேரும், டுக்டுக் ஓட்டியவரும், கடைக்காரரும் ஒரே கூட்டம்.

அரண்மனை பெரும்பாலும் எல்லா நாளும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை திறந்திருக்கும். மூடியிருக்கிறதா இல்லையா என்பதை டிக்கெட் கவுன்ட்டர் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் கூப்பிட்டால் பணம் திரும்ப வர வாய்ப்பு உண்டு. ஊர் வந்து சேர்ந்த பிறகு ரொம்பக் கஷ்டம்.

டுக்டுக்காரரை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. பேக்கேஜ் டூர்களில் "ஜெம்ஸ் கேலரி", "லெதர் பேக்டரி" என்று ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். பஸ் அங்கே சும்மா போவதில்லை. உள்ளே நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு, கூட்டிவந்தவர்களுக்குப் போகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன், பிறகு விட்டுவிட்டேன். உங்கள் பயணத் திட்டத்தில் அப்படி ஒரு நிறுத்தம் இருந்தால், பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பேக்கேஜை எழுதிக் கையெழுத்துப் போடும்போதே கேட்டு எடுத்துவிடச் சொல்வது இன்னும் நல்லது.

கல் வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் சீலோம் ரோட்டுப் பக்கம் போங்கள். அந்த வட்டாரம் உண்மையிலேயே கல் வியாபாரம் நடக்கிற இடம். கீழக்கரை, காயல்பட்டினத்துக்காரர்கள் பல காலமாக அங்கே தொழில் செய்கிறார்கள். தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் அதே ரோட்டில்தான். தெரிந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. தாய்லாந்தின் ரத்தின, நகை நிறுவனமான ஜிஐடியின் பரிசோதனைக்கூடமும் சீலோமில் இருக்கிறது. "அங்கே காட்டிவிட்டு வாங்குகிறேன்" என்று சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி அதற்குத் தயங்க மாட்டார். மாணிக்கத்தைச் சூடேற்றி நிறம் கூட்டுவது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட முறைதான். கண்ணாடி நிரப்புவது வேறு. சான்றிதழில் இரண்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பட்டுக்கு வருகிறேன். நம் பெண்களுக்கு அங்கே போனதும் கை தானாகப் பட்டுக்குத்தான் போகும். நம்மூரில் சில்க் மார்க் பார்ப்பதுபோல் அங்கே மயில் முத்திரை பார்க்க வேண்டும். அதில் நான்கு நிறம். தங்க மயில் என்றால் தாய்லாந்தின் நாட்டுப் பட்டுப்புழுவின் நூல், கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்தது. வெள்ளி மயில் அதற்கு அடுத்த தரம். நீல மயில் சுத்தப் பட்டு, ஆனால் பழைய முறைக் கட்டுப்பாடுகள் குறைவு. பச்சை மயில் கலப்பு. முத்திரை இல்லாத துணி என்றால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தரச் சொல்லிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகின வாடையோடு எரிந்து, விரலில் வைத்து நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான குண்டுமணியாக நிற்கும். காஞ்சிபுரத்தில் செய்கிற அதே சோதனைதான்.

சென் சேப் கால்வாய்க் கரையில் பான் குருவா என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. சாம் என்ற இனத்து முஸ்லிம் நெசவாளர்களின் ஊர். தாய்ப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சனின் வீடு எதிர்க்கரையில். அவருக்காக நெய்தவர்கள் இவர்கள். இப்போது ஓரிரு வீடுகளில்தான் தறி ஓடுகிறது. எதிர்க்கரையில் டிக்கெட் வாங்கி வீட்டைப் பார்க்கிறவர்களில் பலர், பாலம் தாண்டி இந்தப் பக்கம் வருவதே இல்லை.

சட்டுச்சக் வாரச்சந்தை பற்றி எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். சனி, ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் வெயில் தாங்காது. கம்பேங் பெட் மெட்ரோவில் இறங்கினால் நேராகச் சந்தைக்குள் ஏறலாம். 27 பிரிவுகள், ஆயிரக்கணக்கான கடைகள். "அப்புறம் வந்து வாங்கிக்கலாம்" என்று விட்ட கடையைத் திரும்பக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. பிரிந்து போனால் நடுவில் உள்ள மணிக்கூண்டில் சேர்ந்துகொள்ளுங்கள். பிராத்துநாமும் சம்பேங் சந்தும் மொத்த விலைக்கு நல்லவை. ஆனால் அங்கே கிடைக்கும் சில்லறைச் சாமானில் நிறைய சீனாவிலிருந்து வருகிறது. யானை அச்சடித்த தொளதொளப் பேன்ட்டையே சீனாவில் தைத்து அனுப்புகிறார்கள் என்று 2024 தொடக்கத்தில் தாய்லாந்தில் பெரிய சர்ச்சை ஆனது. அலுவலகத்தில் இருபது பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் என் யோசனை, மூலிகை அடைத்த சின்ன ஜாடி, யாடோம் என்பார்கள். மூக்கில் வைத்து உறிஞ்சுவது. அந்த ஊர்க்காரர்கள் எல்லோர் பையிலும் இருப்பது, விலையும் குறைவு.

இனி நான் மனதாரக் கூட்டிப்போகும் இடம். வாட் சகேத் என்ற பொன்மலைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான சந்து. பெயர் பான் பாத். பான் என்றால் ஊர். பாத் என்பது புத்த பிக்குகள் காலையில் கையில் ஏந்தி வரும் திருவோடு. சமஸ்கிருத "பாத்ர" அங்கே பாத் ஆனது, நம்மிடம் பாத்திரம் ஆனது. பாத்திர ஊர் என்று தமிழில் சொன்னால் அப்படியே பொருந்தும்.

சந்துக்குள் நுழையும்போதே டக் டக் என்று சத்தம் கேட்கும். எட்டு இரும்புத் துண்டுகளைச் சேர்த்து ஒரு பாத்திரம் செய்கிறார்கள். எட்டு என்பது புத்தரின் எண்வழிப் பாதைக்காக என்பார்கள். முதலில் வாய்க்கு ஒரு வளையம். பிறகு சிலுவை மாதிரி வைத்த பட்டைகளை வளைத்து எலும்புக்கூடு. இடைவெளிகளில் இலை வடிவத் தகடுகள். ஓரத்தில் பல் வெட்டி, ஒன்றின் பல்லை இன்னொன்றில் கோத்துத் தட்டுகிறார்கள். செம்பைத் தூவி உலையில் வைத்தால் செம்பு உருகி மூட்டுகளுக்குள் ஓடும். வெளியே எடுத்ததைப் பார்த்தால், கறுத்த இரும்பின் மேல் செம்பு நிறத்தில் தையல் போட்டதுபோல் கோடு. பிறகுதான் உருண்டை வருவதற்கான தட்டல், அராவல். ஒரு தடவை அங்கிருந்த வயதான அம்மா, செய்து முடித்த பாத்திரத்தை உள்ளங்கையில் வைத்து விரலால் சுண்டினார். மணியடித்ததுபோல் நீளமாக ஒலித்தது. பிறகு கடைத்தெருவில் விற்கும் ஸ்டீல் பாத்திரத்தைச் சுண்டினார். டொக் என்று நின்றுவிட்டது. எங்கள் குழுவில் யாருக்கும் தாய் மொழி தெரியாது, விளக்கம் தேவைப்படவில்லை.

இயந்திரத்தில் செய்த பாத்திரங்கள் வந்த பிறகு இந்தத் தொழில் படுத்துவிட்டது. செய்கிறவர்கள் இன்று சில குடும்பங்கள்தான். சின்னப் பாத்திரத்துக்கே ஆயிரம் பாட்டுக்கு மேல் கேட்பார்கள். பேரம் பேசாதீர்கள். சட்டுச்சக்கில் பேசுங்கள், இங்கே வேண்டாம். நாள்கணக்கான வேலை அது.

அதே வட்டாரத்தில் பம்ரூங் முவாங் ரோடு முழுக்கப் புத்தர் சிலைக் கடைகள். வரவேற்பறையில் வைக்கப் புத்தர் தலை வாங்க நம்மவர்கள் ஆசைப்படுவார்கள். புத்தர் சிலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அவர்களுடைய நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கடைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்பார். விமான நிலையத்தில் நிற்கப்போவது அவர் இல்லை. தலையை மட்டும் அலங்காரப் பொருளாக வைப்பது அந்த மக்களுக்கு மனம் நோகிற விஷயம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தந்தம் இன்னும் குழப்பமானது. வளர்ப்பு யானையின் தந்தத்தைப் பதிவு பெற்ற கடைகள் உள்நாட்டில் விற்கச் சட்டம் இடம் தருகிறது. அதனால் கண்ணாடி அலமாரியில் பகிரங்கமாகவே இருக்கும். எல்லை தாண்டினால் குற்றம். இந்தியாவில் இறங்கினால் இங்கேயும் குற்றம். பவளம், ஆமை ஓடு, கடல்குதிரை எதையும் தொட வேண்டாம்.

பெரிய கடையில் வாங்கினால் வாட் வரி 7 சதவீதத்தில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கலாம். ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு வாங்கியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டி, வாங்கும்போதே அதற்கான படிவத்தை எழுதி வாங்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன் சுங்கத்தில் காட்டிவிடுங்கள். பெட்டி உள்ளே போன பிறகு படிவத்தை நீட்டி நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே பயம் தரும் விஷயம். 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவுக்குத் தெரு கடை வந்தது. 2025 ஜூனிலிருந்து கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கியும், பச்சை இலைப் படம் போட்ட கடைகளை இன்னும் பார்க்கலாம். அங்கே கடையில் பில் போட்டு வாங்கியது என்ற பேச்சு நம் விமான நிலையத்தில் எடுபடாது. இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். மிட்டாய், பிஸ்கட் வடிவிலும் விற்கிறார்கள், எனவே பாக்கெட்டில் அந்த இலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வாங்குங்கள்.

திரும்பும் நாளில், செக்-இன் வரிசையில் தமிழில் ஒருவர் வருவார். "அண்ணே, எனக்கு வெயிட் அதிகமாயிடுச்சு. இந்தப் பையில வெறும் சாக்லேட்டுதான். சென்னையில வெளிய வந்ததும் வாங்கிக்கிறேன். ஆயிரம் ரூபா தர்றேன்." குருவி வேலை என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். உள்ளே ஹைட்ரோபோனிக் கஞ்சா (மண் இல்லாமல் நீரில் வளர்த்தது) இருக்கலாம், தங்கம் இருக்கலாம், மயக்க மருந்து கொடுத்த குட்டிக் குரங்கோ பாம்போ இருக்கலாம். சென்னையில் இவை எல்லாமே பிடிபட்டிருக்கின்றன. போன குழுவில் ஒரு அக்கா பாவப்பட்டு வாங்கக் கை நீட்டிவிட்டார். நான் பையைத் திருப்பிக் கொடுத்து, "திறந்து காட்டுங்க தம்பி, பாத்துட்டு எடுத்துக்கிறோம்" என்றேன். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். அங்கே ஒரு வயதான தம்பதி நின்றிருந்தார்கள். ஓடிப்போய் அவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.