ஐகனோகிராபி: தமிழில் படிமவியல்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஓவியக் கண்காட்சி. ஒரு படத்தில், நர்சம்மாவின் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். இடுப்பில் ஒரு பிள்ளை, வாயருகே இன்னொரு பிள்ளை. வெளியூர்க்காரர் ஒருவர், "பிள்ளையைத் தின்கிறாளே" என்று முகம் சுளித்தார். பக்கத்தில் நின்ற ஆச்சி, "இது நம்ம இசக்கில்லா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆச்சி செய்த வேலைக்குத்தான் ஐகனோகிராபி என்று பெயர்.

கிரேக்கத்தில் 'ஐகோன்' என்றால் உருவம், சாயல். 'கிராபைன்' என்றால் எழுதுதல். வரைவதற்கும் அதே சொல்தான். நம்மிடமும் அப்படித்தானே, ஓவியம் எழுதுவது என்கிறோம், கண்ணுக்கு மை எழுதுகிறோம். கையில் என்ன இருக்கிறது, ஊர்தி எது, நிறம் என்ன, எப்படி நிற்கிறாள் என்று பார்த்து இன்ன தெய்வம் என அறிவதும், அதன் பொருளைச் சொல்வதும் இந்தத் துறை.

தமிழில் இதற்குப் படிமக்கலை, படிமவியல் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. படிமம் என்பது 'பிரதிமா' என்ற வடசொல்லின் வழி வந்தது. என்னைக் கேட்டால், படிமக்கலை உருவத்தைச் செய்கிறவருடைய வேலை. அதைப் படிக்கிறவருடைய வேலைக்குப் படிமவியலே சரி. சிலர் சிற்பக்கலை என்றே எழுதிவிடுகிறார்கள், அது வேறு.

சரி, இசக்கி யார்? உயிர் உசிரானது போல, உயரம் ஒசரமானது போல, இயக்கி நம் வாயில் இசக்கி ஆனாள். இயக்கி என்பது யட்சி என்கிற பெண் தெய்வம். சிலப்பதிகாரத்தில் இடைக்குலப் பெண் மாதரி பால்மடை, அதாவது பால் படையல், கொடுத்துவிட்டுத் திரும்புவது 'பூங்கண் இயக்கி'க்குத்தான். கழுகுமலைப் பாறையில் சமணரின் அம்பிகா இயக்கி சிங்கத்தோடு நிற்கிறாள். பிள்ளைகளோடு காட்டப்படுகிற இயக்கி அவள். நம் ஊர்க் கோயில்களில் சுடுமண் இசக்கியின் கையிலும் பிள்ளை இருக்கிறது. வாயில் பிள்ளையைக் கவ்வியிருக்கிற உருவமும் உண்டு. அதே இசக்கியிடம்தான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தபின் அந்த வெள்ளை உடுப்பைத் திரும்பப் பாருங்கள். தருகிறவளும் எடுத்துக்கொள்கிறவளும் ஒருத்தியே என்ற பழைய அச்சத்தைப் பிரசவ வார்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார் ஓவியர். இசக்கியின் வழக்கமான சிவப்புச் சேலையை மாற்றியவர், அந்த இரண்டு பிள்ளைகளில் கைவைக்கவில்லை.