முடி கொட்டினால் மலைத் தண்ணீரைத் திட்டாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் என் பெரியம்மா, தலைவாரும்போது உதிரும் முடியைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் செருகி வைப்பார். போன முறை நான் போயிருந்தபோது அந்த உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. "பாரு கண்ணு, எல்லாம் வேரோடயே வருது. இந்தத் தண்ணி நமக்குச் சேரல," என்றார். முப்பது வருஷமாக அதே ஊற்றுத் தண்ணீரில்தான் குளிக்கிறார்.

ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியில் ரவையில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. இதைத்தான் எல்லோரும் வேர் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது வேர் இல்லை. வளர்ச்சியை முடித்துக்கொண்ட முடியின் அடியில் கெரட்டின், அதாவது முடியை உண்டாக்கும் புரதம், இறுகி உண்டாகும் குமிழ். முடியை முளைக்கவைக்கும் பை தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. தண்ணீராலோ ஷாம்பூவாலோ முடி கெட்டால் பெரும்பாலும் நடுவில் ஒடியும். ஒடிந்த துண்டில் குமிழ் இருக்காது. பெரியம்மாவின் உருண்டையில் நான் இழுத்துப் பார்த்த எல்லா முடியிலும் குமிழ் இருந்தது. ஆகவே காரணத்தை உடம்புக்குள் தேட வேண்டும்.

நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும், பிறகு சுமார் 3 மாதம் சும்மா இருந்துவிட்டு உதிரும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி, அதாவது 10,000 முடி, ஓய்வில் இருக்கும் என்று வையுங்கள். அது 100 நாளில் உதிர்ந்து தீர வேண்டும் என்றால் நாளுக்கு 100. இது இயல்பு. உடம்பு நலிந்து, ஓய்வுக்குப் போகும் பங்கு பத்தில் மூன்றாக ஏறினால் அதே கணக்கில் நாளுக்கு 300. தலைக்குக் குளித்தால் கை நிறைய வரும்.

ஏன் முடி முதலில் அடிபடுகிறது? முடியின் அடியில் இருக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பிரிபவற்றில் சேர்ந்தவை. பிரிவதற்கு அவற்றுக்கு இரும்பு வேண்டும், புரதம் வேண்டும், தைராய்டு ஹார்மோன் வேண்டும். தட்டுப்பாடு வந்தால் முடி இல்லாமலும் உடம்பு பிழைத்துக்கொள்ளும், இதயம் இல்லாமல் முடியாது. அதனால் வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போகின்றன. அவை உதிர்வதோ 2, 3 மாதம் கழித்து. டைபாய்டு வந்தவருக்கு, பிள்ளை பெற்றவருக்குக் காய்ச்சலும் பிரசவமும் மறந்த பிறகு முடி கொட்டுவது இதனால்தான். ஒரு தடவை வந்துபோன நோய் என்றால் உதிர்வும் தானாக நிற்கும். நாள்பட்ட நோய் நின்று நிதானமாகத் தொந்தரவு செய்வதால் உதிர்வும் ஆறு மாதத்தைத் தாண்டி நீளும்.

மலையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தைராய்டு குறைந்தால் குளிர் தாங்காது, தோல் வறண்டு வெடிக்கும், அசதி வரும், குரல் கரகரக்கும். ஊட்டியோ 2,240 மீட்டர் உயரம். இங்கே யாருக்குத்தான் குளிரவில்லை? யாருக்குத்தான் மேடு ஏறினால் மூச்சு வாங்கவில்லை? நோயின் அத்தனை அடையாளத்தையும் மலையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். முடி ஒன்றுதான் அந்தக் கணக்கில் சேராமல் நிற்கிறது. கண்ணாடியில் புருவத்தையும் பாருங்கள்: வெளி ஓரத்து மூன்றில் ஒரு பங்கு மெலிந்திருந்தால் தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரண்டுமே இருந்தது, தைராய்டு குறைவும் இரும்புச்சத்துக் குறைவும். மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஆகியும் ரத்தத்தில் பெரிய மாற்றமில்லை. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். விடிகாலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டி, சூடாக ஒரு டம்ளர் டீ, அந்த டீயோடு இரண்டு மாத்திரையும் ஒரே விழுங்கு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடக்கூடாது. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு குடலுக்குள் தைராய்டு மாத்திரையைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. டீயின் துவர்ப்புப் பொருளோ இரும்பையே பிடித்துக்கொள்ளும். கீரையும் கேழ்வரகும் தரும் இரும்புக்கும் இதே கதி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயைத் தள்ளி வைத்தாலே போதும், விடவேண்டியதில்லை. தேயிலை பறிக்கிறவரிடம் டீயை விடு என்று சொல்ல எனக்கு மனசும் வராது.

ரத்த அறிக்கையைப் படிப்பதிலும் மலைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம் என்ற எல்லை கடல் மட்டத்துக்கு உரியது. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் உடம்பு கூடுதலாகவே உண்டாக்கும். சென்னையில் போதும் என்கிற 12 ஊட்டியில் குறைவாக இருக்கலாம். உலக சுகாதார அமைப்பே உயரத்துக்கு ஏற்ப எல்லையை மாற்றச் சொல்கிறது. உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நாள்பட்ட வீக்கம், மூட்டுவாதம் உள்ளவருக்கு ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும் என்பதையும் மருத்துவர் கணக்கில் கொள்வார். சோகை எல்லாமே இரும்புக் குறைவும் அல்ல. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1952-ல், இதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். பரிசோதிக்காமல் ஆளாளுக்கு இரும்பு மாத்திரை வாங்கிப் போடுவது தவறு.

முடிக்கென்று கடையில் விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். அதிக அளவில் சாப்பிட்டால் அது தைராய்டு பரிசோதனையையே குழப்பும். குறைந்திருப்பது கூடியதுபோலத் தெரியலாம். ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வேறு நோய்களும் முடியில் தெரியும். நீரிழிவில் ரத்த ஓட்டம் குறைந்தால் கெண்டைக்கால் முடி மறையும். சினைப்பை நீர்க்கட்டி இருந்தால் உச்சி வகிடு அகலும், முகத்தில் முடி வளரும். லூபஸ் எனும் தன்னெதிர்ப்பு நோயின் ஒரு வகை தலையில் தழும்பை உண்டாக்கும். அங்கே முடிப்பையே அழிவதால் முடி திரும்பாது. பளபளப்பான வழுக்கைத் திட்டைக் கண்டால் ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது. சில வலிப்பு மாத்திரைகளும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளும் முடியைக் கொட்டவைக்கும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெரியம்மா இப்போது எழுந்ததும் தைராய்டு மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, அடுப்பு வேலையெல்லாம் முடித்த பிறகே டீ குடிக்கிறார். இரும்பு மாத்திரை மதியத்துக்குப் போய்விட்டது. ஐந்தாவது மாதம் போயிருந்தபோது நெற்றியோரத்தில் இரண்டு செ.மீ. நீளத்தில் குட்டி முடிகள் விறைப்பாக நிமிர்ந்து நின்றன. மாதத்துக்கு ஒரு செ.மீ. வளரும் என்பதால் இரண்டு மாதத்துப் பயிர். "படியவே மாட்டேங்குது," என்று தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு அழுத்திக்கொண்டிருந்தார்.